சமதரை தேடி நடந்தோம்

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் மலை மலையாக ஏறி இறங்கி, கத்திக் கத்தியே காலத்தைக் கழித்தவர். அவர் இந்த மலையில் நின்று ஒரு சத்தம் போட்டால் அடுத்த மலையில் பறிக்கிறவளும் திரும்பிப் பார்ப்பாள். வீட்டிலும் அதே தொண்டைதான். தேத்தண்ணியில் கொஞ்சம் சாயம் குறைந்தால் போதும், அக்கம்பக்கத்து வீடுகள் வரைக்கும் என் மானம் போகும். நானும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியே பழகியவள். எனக்கும் வாய் உண்டு. அவர் ஒன்று சொல்ல நான் ஒன்பது சொல்ல, எங்கள் குடித்தனம் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பென்சன் வாங்கி ஒரு வருடத்துக்குள் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. கண்டியில் பைபாஸ் செய்தார்கள். ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்த மட்டில் கடவுளுக்கு நன்றி. ஆனால் வீட்டுக்கு வந்தது யாரோ ஒரு நல்ல மனிதர். "சரிம்மா", "வேணாம்மா", "நீ சாப்ட்டியாம்மா" என்று மெல்லிய குரலில் பேசுகிறார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். வாசற்படி மூன்றையும் இறங்கச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். டாக்டர் சொல்லித் தேத்தண்ணியை லேசாக ஊற்றிக் கொடுத்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அதை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார்.

அன்றைக்குத்தான் நான் உண்மையாகப் பயந்தேன். ஆபரேசன் நடந்தபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. இந்த மனிதர் மனதுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

கிளினிக்குக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். காயம் நன்றாக ஆறிவிட்டது, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, ஆளுக்குப் பயம்தான் என்றார். தினமும் நடக்க வேண்டும், ஆரம்பத்தில் சமதரையில் மட்டும் நடக்கட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம் என்று சிங்களத்தில் விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன், கொத்மலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் சமதரைக்கு நான் எங்கே போவேன்?

இருப்பது விளையாட்டு மைதானம் ஒன்றுதான். அதிலும் ஒரு கோல் கம்பம் மற்றதைவிட உயரத்தில் இருக்கிறது. பெரட்டுக்களத்தில் நடக்கலாம். ஆனால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடுகிற அந்த இடத்தில், ஒரு காலத்தில் அதிகாரம் பண்ணிய மனிதர் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வர மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் எனக்கு ஞாபகம் வந்தது பழைய வண்டிப்பாதை. கொழுந்து ஏற்ற இப்போது தார் ரோடு இருப்பதால் அதை யாரும் தேடுவதில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, யூகலிப்டஸ் காட்டுக்குள் நுழைந்து, பைனஸ் மரங்களுக்கு நடுவே வளைந்து, ஆற்றங்கரையில் போய் முடிகிறது. முழுச் சமதரை என்று சொல்ல முடியாது. இறங்குகிறோம் என்று காலுக்கும், ஏறுகிறோம் என்று நெஞ்சுக்கும் தெரியாத பாதை. ஆற்றுக்குப் போகிற எங்கள் சனங்கள் அந்தச் சுற்றுக்குப் பொறுமை இல்லாமல் தேயிலைக்குள் செங்குத்தாகப் படிபடியாக இறங்கும் குறுக்குப் பாதையில்தான் போவார்கள். அவரும் வேலை பார்த்த காலமெல்லாம் குறுக்கில் ஓடி ஏறியவர்.

முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கால்களில் அட்டை ஏறாமல் சவர்க்காரம் பூசிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். வழியில் விறகோடு வந்த ஒரு பெண் கேட்டாள்.

"எங்க டீச்சர், ரெண்டு பேருமா?"

"சும்மாதான்" என்றேன்.

அதுதான் நான் செய்த பிழை. எங்கள் தோட்டத்தில் யாரும் சும்மா நடக்க மாட்டார்கள். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்த சனம், ஓய்ந்த நேரத்தில் எதற்காக நடக்கும்? வேலைக்கு, விறகுக்கு, கடைக்கு, கோயிலுக்கு, எழவு வீட்டுக்கு, இவ்வளவுதான் நடை. சாயந்தரத்துக்குள் லயத்து வீடுகள் முழுக்கக் கதை பரவிவிட்டது. ஆற்றங்கரையில் கணக்கப்பிள்ளை புதையல் பார்த்து வைத்திருக்கிறாராம். இன்னொரு கட்சி, அவருக்கு ஏதோ பேய்ச் சேட்டை பிடித்திருக்கிறது, ஆற்றில் கழிப்புக் கழிக்கத்தான் டீச்சர் கூட்டிப் போகிறாள் என்றது. மறுநாள் ஒருத்தி வந்து, நல்ல பூசாரி ஒருவர் இருக்கிறார் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து கையில் ஒரு வெறும் சாக்கையும் ஒரு கத்தியையும் எடுத்துக்கொண்டேன். "எங்க டீச்சர்?" என்றால், "வெறகுக்கு" என்பேன். அத்தோடு கேள்வி நின்றுவிடும். திரும்பி வரும்போதும் சாக்கு வெறுமையாகவே இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்படியே நடந்து பழகினோம். காட்டுக்குள் நுழைந்ததும் தைல வாசம் மூக்கில் ஏறும். பைனஸ் ஊசியிலைகள் மெத்தை போட்ட மாதிரி கிடப்பதால் செருப்புச் சத்தமே கேட்காது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். அவர் நின்றால் என் நெஞ்சு நிற்கும். "என்னங்க?" என்பேன். "ஒண்ணுமில்லம்மா" என்பார். ஆறு வந்ததும் ஒரு பெரிய பாறையில் உட்காருவோம். தண்ணீர் கல்லில் மோதி மோதிக் கொத்மலை அணைக்குப் போய்க்கொண்டிருக்கும். அவர் நிமிர்ந்து எதிரே தெரியும் குறுக்கைப் பார்ப்பார். உச்சியில் எங்கள் வீட்டுக் கூரைத்தகரம் தெரியும்.

"இனிமே அதுல ஏற மாட்டேம்மா" என்று ஒருநாள் சொன்னார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கு முடித்துப் புத்தகத்தை மூடிய மாதிரி சொன்னார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றின் இரைச்சலில் நான் மூக்கைச் சிந்தியது அவருக்குக் கேட்டிருக்காது.

அப்புறம் ஒருநாள் நாங்கள் பாறையில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. குடை ஒன்றுதான் இருந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டுச் சாக்கை நான் தலையில் போட்டுக்கொண்டேன். காட்டுப் பாதையில் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்தால், வழக்கமாகக் கல்லில் கால் வைத்துத் தாண்டுகிற ஓடை சிவப்பாகச் சுழித்துக்கொண்டு போகிறது. கற்களையே காணவில்லை. ஒரு முறிந்த மரக்கிளை எங்கள் கண் முன்னால் உருண்டு ஆற்றை நோக்கிப் போனது. போனை எடுத்தால் அந்தப் பள்ளத்தில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. ஆற்றிலும் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது.

பாறைக்கே திரும்பி வந்தோம். வீட்டுக்குப் போக இருந்த ஒரே வழி குறுக்குதான்.

நான்தானே நடக்கக் கூட்டி வந்தேன். இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்து, அங்கேயே நின்று முருகனைத் திட்டினேன், கூப்பிட்டேன், மறுபடி திட்டினேன். அவர் குறுக்கை அண்ணாந்து பார்த்தார். குடையை மடக்கி, அதையே ஊன்றுகோலாக ஊன்றி முதல் படியில் கால் வைத்தார்.

மெதுவாகத்தான் ஏறினோம். ஒரு படி, ஒரு மூச்சு. நான் பின்னால் இரண்டு கைகளையும் நீட்டியபடியே ஏறினேன், அவர் விழுந்தால் தாங்கிவிடுவேன் என்கிற மாதிரி. அவர் விழுந்திருந்தால் இரண்டு பேருமாக ஆற்றுக்குத்தான் போயிருப்போம். பாதி தூரத்தில் எனக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கித் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மேலே நின்று திரும்பி, குடைக் காம்பை என் பக்கம் நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். யார் யாரைக் கூட்டிப் போகிறோம் என்று அப்புறம் எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்குக் கொஞ்சம் கீழே மழை விட்டது. அங்கே பெண்கள் பிளாஸ்டிக் உறைகளைப் போட்டுக்கொண்டு அவசர அவசரமாகக் கடைசி நிறுவைக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நின்றார். நெஞ்சில் கை வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நிரையில் கடைசியாகப் போன பெண்ணையும், அவள் தாண்டிப் போன செடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்தார்.

"ஏய்! அவ்வளவு கொழுந்தையும் யாருக்கு விட்டுட்டுப் போற? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

சத்தம் ஆற்றைத் தாண்டி எதிர் மலையில் முட்டித் திரும்பி வந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள்.

"அய்யோ, கணக்கப்புள்ள உசுரோட வந்துட்டாருடி!"

"ஐயாவுக்குத்தான் பென்சன் குடுத்துட்டாங்களே, இன்னும் என்னத்துக்குக் கத்துறீங்க?" என்றாள் திட்டு வாங்கியவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாளே தவிர, அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"பென்சன் எனக்குத்தான், செடிக்கு இல்ல! திரும்பிப் போயி பறி!" என்றார். மலையே சிரித்தது. அவளும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்ப் பறித்தாள்.

நான் பாதையில் உட்கார்ந்துவிட்டேன். மழைத் தண்ணீரோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்தது. மாதக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்த பாறையை யாரோ உருட்டி ஆற்றில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு என்ன வந்துச்சு? சேத்துல ஒக்காந்து அழுதுக்கிட்டு! எந்திரிச்சு வீட்டுக்கு நட!"

நடந்தேன். ஈரத் துணியைக்கூட மாற்றாமல் அடுப்பில் கேத்தலை வைத்தேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். கோப்பையைக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னா இது? தேத்தண்ணியா, சட்டி கழுவுன தண்ணியா? மனுசன் குடிப்பானா இத?"

பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. இத்தனை மாதமாக நான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே தேத்தண்ணிதான் அது.