தூணில் குடியேறிய கருவண்டுகள்

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, காய்கறி லோரி ஓட்டும் சிங்காரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்துகிறவள் நவமணி. அவள் சிரிக்க ஆரம்பித்தால் நாலு நிரை தள்ளி நிற்கிறவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும்.

நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு மார்க்கிசா பைத்தியம் பிடித்தது. அந்தப் புளிப்புப் பழத்தின் கொடியை லயத்து வீட்டின் பின்புறம் பந்தல் கட்டி ஏற்றினாள். கொடி கூரை வரை ஓடி, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் குலுங்கியது. காய் மட்டும் பிடிக்கவில்லை. மேட்டிலிருந்த காட்டை வெட்டிப் பிளாஸ்டிக் கூரைபோட்ட காய்கறித் தோட்டம் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் வண்டுச் சத்தமே இல்லை. கோழி இறகால் பூப்பூவாகத் தடவிப் பார்த்தாள்.

"என்னா நவம், பூவுக்குப் பவுடர் போடுறியா?" என்றான் சிங்காரம்.

அவளுக்குச் சிரிப்பு வந்து இறகு கையிலிருந்து விழுந்தது. நாலைந்து காய் பிடித்ததோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினித் தூணிலிருந்து மரத்தூள் கொட்டியது. பார்த்தால், விரல் நுழையும் அளவுக்கு வட்டவட்டமாய்த் துளைகள். உள்ளே ரீங்காரம். சிங்காரம் பூச்சிமருந்தோடு ஓடிவந்தான்.

"தள்ளு! வீடு விழுந்துடும்!"

"இருங்க லா! அங்க பாருங்க!"

துளையிலிருந்து கிளம்பிய கொழுத்த கருவண்டு நேரே பந்தலுக்குப் பறந்தது. முதுகு உரசப் பூவுக்குள் புகுந்து, மஞ்சள் மகரந்தத் தூளோடு வெளியே வந்து, அடுத்த பூவுக்குத் தாவியது.

"ஏங்க, காட்டுல இருந்த பட்டமரம் போயிருச்சு. அதான் நம்ம தூணுக்குக் குடி வந்திருக்குங்க."

"அதுக்காக நான் கூரையத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?"

நிற்கத்தான் வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்து வண்டுகள் அடைந்ததும், துளைகளைத் துணியால் மூடிப் பழைய தூணைக் கழற்றினார்கள். புதுத்தூண் நிற்கும் வரை கூரைக்கட்டை சிங்காரத்தின் தோளில். அவன் "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று கத்த, அவளுக்குச் சிரிப்பில் சுத்தியல் பிடிக்கவே முடியவில்லை. பழைய தூணைப் பந்தலோரம் நட்டுத் துணியை அவிழ்த்தார்கள்.

அதன்பிறகு பைத்தியம் சிங்காரத்துக்கும் தொற்றியது. திரிங்காப் சாலையோரம் விழுந்து கிடந்த காய்ந்த மரக்கட்டைகளை லோரியில் ஏற்றி வந்தான். "வாடகை இல்லாத வீடு, வாங்கடா!" என்று வண்டுகளைக் கூப்பிட்டான். அவையும் வந்தன.

அடுத்த பூப்பில் பந்தல் பாரம் தாங்காமல் தொய்ந்தது. இலைக்கு இலை காய். பழுத்ததும் நவமணி வாளி வாளியாகப் பறித்துத் தேயிலை மேட்டுக்குச் சுமந்து போனாள். பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுப் பழத்தைப் பிளந்து உறிஞ்சினார்கள். புளிப்பில் ஒருத்திக்குக் கண் சொருகியது, இன்னொருத்தி குதித்தாள், கூடப் பறிக்கும் புனிதாவுக்கு மோவாயெல்லாம் மஞ்சள் சாறு.

"வேலையப் பாக்காம என்னா கூத்து?" என்று கத்திக்கொண்டே கங்காணி சாமிநாதன் மேடேறி வந்தார். நவமணி அவர் கையிலும் ஒரு பழத்தைத் திணித்தாள். உறிஞ்சியதும் அவர் முகம் சுருங்கியது, தோள் சிலிர்த்தது, தொப்பி கழன்று தேயிலைச் செடியில் விழுந்தது.

"இன்னொன்னு குடு லா," என்றார்.