ஃபிரேம் எண்: இல்லை

நான் ஓய்வு பெற்ற நான்காவது மாதம், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. பார்க்கிங்கில் கிடக்கும் சைக்கிள்களைப் பதினைந்து நாளுக்குள் ஃபிரேம் எண்ணோடு பதிவேட்டில் ஏற்ற வேண்டும்; ஏறாதவை பழைய இரும்பு எடுக்கும் பங்கார்காரரிடம் போகும். விதியில் குறை சொல்ல வழியில்லை. தொண்ணூறுகளில் நான் செயலாளராக இருந்தபோது, ஒரே நிறச் சைக்கிளுக்கு இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டதால் நானே எழுதியது.

என் மௌண்டன் பைக் தூணோரம் துருவேறிக் கிடந்தது. மச்சினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. முழங்கால் ஒத்துழைத்தவரை ஞாயிறுதோறும் அதில் கடக்வாஸ்லா அணைவரை போய்வருவேன்.

புதிய செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கராடிப் பக்கம் மென்பொருள் வேலை. ஷூ நுனியால் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அங்கிள், இது பங்கார்ங்க. இதுக்கெல்லாம் எதுக்கு ரிஜிஸ்டர்?"

புதிதாக ஓய்வு பெற்றவன் காதில் அந்தச் சொல் கொஞ்சம் உரக்கவே விழும். அன்று சாயங்காலமே சக்கரங்களைக் கழற்றி, ஃபிரேமை பால்கனிக்குத் தூக்கிவந்தேன்.

"இந்த முட்டியோட எந்த மலை ஏறப் போறீங்க?" என்றாள் மனைவி.

பாதுகாப்புத் துறையில் தரப் பரிசோதகனாக இருந்தவனுக்கு முறை தெரியும். முதலில் பெயிண்ட் ரிமூவர். பிறகு உப்புத்தாள், சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு. ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும், பழைய கீறல் மறையும்வரை. அவசரப்பட்டால் பாலிஷ் போட்ட பிறகு கீறல் பல்லிளிக்கும். பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் துரு குழி குழியாக அரித்திருந்தது. குழி விழுந்த பொருளை என் சர்வீஸில் ஒருநாளும் பாஸ் செய்ததில்லை. அரத்தை எடுத்து, விரலுக்கு எதுவும் தட்டாத அளவுக்கு அராவினேன். பத்தாம் நாள் மேல்குழாயில் மனைவியின் முகம் தெரிந்தது. மூக்கு நீளமாக இருக்கிறதென்று அதற்கும் ஒரு குறை சொன்னாள்.

பதினான்காம் நாள் எண்ணைக் குறித்துக்கொள்ள ஃபிரேமைக் கவிழ்த்தேன். எண் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிபோலப் பளபளத்தது. குழிகளோடு குழிகளாக எண்ணையும் அராவித் தள்ளியிருந்தேன். வாங்கிய ரசீது மச்சினரிடமே இருந்ததில்லை.

தெருமுனை லேத் கடைக்காரர் சிரித்துவிட்டு, எந்த எண் வேண்டுமோ சொல்லுங்கள், எண் பதிக்கும் உளியால் அடித்துத் தருகிறேன் என்றார். மனைவியும் அதையே சொன்னாள்: "ஏதோ ஒரு நம்பரை அடிச்சுட்டு வாங்களேன். யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேனே" என்றேன்.

மறுநாள் ஞாயிறு, கடைசி நாள். பங்கார்காரர் கைவண்டியோடு கேட்டில் நின்றார். ஃபிரேமைத் தோளில் சுமந்து இறங்கி, என் தூணோரம் சாய்த்து, சங்கிலி போட்டுப் பூட்டினேன். பதிவேட்டில் எண் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தில், 'உரிமையாளரே கவனக்குறைவால் அராவி அழித்துவிட்டார்.' கீழே கையெழுத்து, தேதி, நேரம்.

செயலாளர் இரண்டு முறை படித்தார். "அங்கிள், உங்களுக்கு எதிரா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"ஆமா. திருட்டு வண்டி வச்சிருக்கிறவன் இப்படி எழுத மாட்டான்."

எண் இல்லாவிட்டால் எடுத்துவிடத்தானே வேண்டும் என்று இழுத்தார். பதிவேட்டோடு தைத்திருந்த விதிகளில் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். உரிமையாளர் விளக்கம் எழுதிக் கொடுத்த பொருளை, கமிட்டி எழுத்தில் பதில் தரும்வரை யாரும் நகர்த்தக் கூடாது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். நம் கமிட்டிகள் எழுத்தில் பதில் தரும் வேகம் அப்போதே எனக்குத் தெரியும்.

கைவண்டி காலியாகத் திரும்பியது. சக்கரங்களை மாட்ட எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. ஞாயிறுகளில் இப்போது அணைவரை போவதில்லை. பாதி வழியில் முட்டி திருப்பிவிடுகிறது. கமிட்டியின் பதில் இன்றுவரை வரவில்லை. வந்தால் அதற்கு என் பதில் தட்டச்சு செய்து தயாராக இருக்கிறது, மூன்று பிரதிகள்.