மங்கலாக இருந்த ஆண்டவர் படம்

எங்கள் டிவிக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. வீட்டிலுள்ள சினிமாப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். புனேயில் வேலை பார்க்கும் மகள் வாங்கி வைத்துவிட்டுப் போனது. ஒரே படம் இரண்டு மூன்று பிரதியாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பெயருக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்து எது எந்தப் பிரதி என்று எழுத வேண்டும். அப்போது திரையில் ஒரு படம்தான் தெரியும். அழுத்தினால் எது வேண்டும் என்று அதுவே கேட்கும். நான் பத்தாவதோடு நின்றவன், பெங்களூர் பீன்யாவில் முப்பது வருடம் லேத் ஓட்டியவன். மகள் சொன்னதை நோட்டில் எழுதி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வேன்.

இயேசு ஆண்டவருடைய கதைப் படம் மட்டும் எங்களிடம் மூன்று இருந்தது. ஒன்று, மகள் சிறுமியாக இருந்தபோது பெரிய வெள்ளியன்று கேபிளில் தமிழில் போட்டதை நான் கேசட்டில் பிடித்தது. பிறகு கடையில் கொடுத்து மாற்றினோம். படம் மங்கல், அடியில் ஒரு நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கன்னடத்தில் பேசுவது. மூன்றாவது மகள் கொண்டுவந்த புதுப் பிரிண்ட், கண்ணாடி மாதிரி.

என் மனைவிக்கு மறதி நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. மகளை டீச்சர் என்பாள். நான் சமையலறைக்குள் போனால் சிலிண்டர் போட வந்தவன் என்று நினைத்து, "வெச்சிட்டுப் போப்பா" என்பாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் மூன்று மணிக்கு, அவள் நாற்பது வருடம் தவறாமல் ஜெபம் சொன்ன அந்த நேரத்தில், மங்கலான படத்தைப் போட்டால் ஆள் மாறிவிடுவாள். அதில் ஆண்டவர் பேசத் தொடங்கியதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். அவர் படகில் நின்று சீடர்களைக் கேட்பதற்கெல்லாம் இவள் "ஆமா ஆண்டவரே" என்பாள். அந்த நேரத்தில் கஞ்சியும் மாத்திரையும் உள்ளே போய்விடும்.

போன தவக்காலத்தில் மகள் போனில் சொன்னாள்: "டாடி, பெட்டியில இடம் ஃபுல்லுன்னு காட்டுது. ஒரே படம் மூணு எதுக்கு? நல்லா இருக்கறத வெச்சிட்டு மத்தத தூக்கிடுங்க."

"மம்மி தெனம் பாக்கற படம்மா அது."

"அதே படம்தானே டாடி. இன்னும் தெளிவாப் பாப்பாங்க."

எனக்கும் அது சரியென்று பட்டது. ஆண்டவருடைய முகம் அப்படி மங்கலாக, காலடியில் நகைக்கடையோடு இருப்பது மனதுக்கு ஒப்பவில்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தத்தைக் குறைத்து வைத்துப் புதுசைப் பார்த்தேன். படம் மட்டும்தான் பார்த்தேன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்தேன். கிடைத்த இடத்தில் அன்றைக்கே வேறு படங்களை ஏற்றினேன்.

மறுநாள் மூன்று மணிக்குப் புதுசைப் போட்டேன். ஆண்டவர் வாயைத் திறந்ததும், முக்காட்டை இழுக்கப் போன அவள் கை நின்றது.

"இவரு இல்ல."

"அவருதான்மா. நல்லாப் பாரு."

"முகம் அவருதுதான். பேசறது வேற ஆளு." பிறகு என்னைப் பார்த்தாள். "அவர எங்க அனுப்சிட்டீங்க?"

புதுப் பிரிண்டுக்குத் தமிழில் வேறு யாரையோ பேச வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே இல்லை.

மூன்று நாள் அவளுக்கு இளநீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அழிஞ்சத எடுக்க ஆகல்ல சார். அதே எடத்துல புதுசு ஏறிப்போச்சு. ஏத்தாம வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். கேசட்டை எப்போதோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டோம். பஸ்ஸில் வரும்போது ஜெபமாலை சொல்ல முயன்றேன். பாதியில் எண்ணிக்கை விட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டேன். கோயில் வாசலில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருப்பவர், "எங்கூட்ல ஒண்ணு கீதுண்ணா. ரெண்டு சிடி. மொத சிடிய பசங்க ஒடச்சிட்டானுங்க" என்று இரண்டாவதைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் மகளின் பழைய லேப்டாப்பில் போட்டேன். அந்தக் குரலேதான்.

மூன்று மணிக்கு அவள், "வந்துட்டாரா" என்று முக்காடு போட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் இரண்டாவது சிடி அவரைப் பிடித்துக்கொண்டு போவதில்தான் தொடங்குகிறது. படகும் இல்லை, பிள்ளைகளை அவர் மடியில் வைத்துக்கொள்வதும் இல்லை. எடுத்ததும் அடிதான். கஞ்சியை வாயருகே கொண்டுபோனேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"அவரு பட்டினியா அடிபடறாரு. நான் சாப்டணுமா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை.

அன்றைக்குப் படத்தைக் கடைசி வரை ஓடவிட்டேன். உயிர்த்த பிறகு ஒரு இடம் வருகிறது. விடிகாலை, ஏரிக்கரை. அவர் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்து, சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். அவர் கூப்பிட்டதும் இவள் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

அந்த இடத்தை மட்டும் வெட்டித் தரச் சொல்லி மகளைக் கேட்டேன். தன்னால்தான் இப்படி ஆனது என்று அவள் போனில் அழுதாள். "நீ சொன்ன, அழிச்சது நான்தானேம்மா" என்றேன். இப்போது ஃபோல்டரில் மறுபடி மூன்று இருக்கின்றன: புதுப் பிரிண்ட், இரண்டாவது சிடி, ஏரிக்கரை. இடம் ஃபுல் என்றுதான் இன்றைக்கும் காட்டுகிறது. எதையும் தொடுவதில்லை.

அந்தக் குரல் ஆண்டவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும். சம்பளத்துக்குப் பேசிய யாரோ ஒருவர். இருக்கிறாரோ இல்லையோ, அவருக்காகவும் தினம் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்கிறேன்.

ஏரிக்கரை நான்கு நிமிடம்தான் ஓடும். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு அது போதாது. நான்கைந்து ஸ்பூனில் முடிந்து திரை கறுப்பாகிவிடும்.

"போய்ட்டாரா?" என்பாள்.

"வருவாரும்மா."

"நீ யாருப்பா?"

"சிலிண்டர் போட வந்தவன்" என்று சொல்லிவிட்டு, ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்து, ரிமோட்டை எடுத்து முதலிலிருந்து போடுவேன்.