இரண்டாம் வகுப்பின் சளிக்காலம்

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பாதிப் பிள்ளைகள் பனியன் கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வகுப்பே மூக்கை உறிஞ்சும். ஒருவனுக்குச் சளி வந்தால் பெஞ்சு முழுக்க வந்துவிடும். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களையும் சாத்தியே வைத்திருப்போம்.

ஒரு வருஷம், வாய் ஓயாமல் பேசும் பெண் குழந்தை ஒருத்தி காலையிலிருந்து பேசவே இல்லை. தலை சாய்த்துப் படுத்திருந்தாள். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஆனால் என்னைப் பயமுறுத்தியது அவள் மூச்சுதான். உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவள் போல இரைத்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

உடனே ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கம்பெனிக்குப் போன் செய்து சொன்னதும் அவள் அம்மா ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசு. அதற்குள் டாக்டரம்மா குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்.

“நேத்தே காய்ச்சல் இருந்துச்சு டீச்சர். மாத்திரையக் குடுத்துதான் அனுப்புனேன். லீவு போட்டா வேற ஆளப் போட்டுருவாவ,” என்று அழுதாள்.

“அழுவாதீங்க. வைரஸ் சளிதானுங்க. முக்காவாசிப் பிள்ளைகளுக்குத் தானாச் சரியாயிரும்,” என்றார் டாக்டரம்மா. “ஆனா மூச்சு வேகமானாலோ, நெஞ்சு உள்ள இழுத்தாலோ, தண்ணிகூடக் குடிக்காமக் கிடந்தாலோ உடனே வந்துரோணும். இப்ப நேரத்துல வந்துட்டீங்க.”

“ஊசி போட்டா வேகமாக் கேக்குமா?”

“இவளுக்கு அது வேண்டீதில்லைங்க. காய்ச்சல் நல்லா விட்டு ஒரு நாளாவது ஊட்டுல இருக்கட்டும். அப்புறம் பள்ளிக்கூடம் அனுப்புங்க.”

மறுநாள் சாயங்காலம் குழந்தை கஞ்சி கேட்டாள். அப்போதுதான் எனக்கு நெஞ்சு லேசானது.

அவள் பள்ளிக்குத் திரும்பிய அன்று அம்மாவும் கூட வந்தாள். “எங்க லைன் வீட்டுல எல்லாருமாப் பேசிட்டோம் டீச்சர். ஒருத்திக்கு பகல் ஷிப்டு, ஒருத்திக்கு நைட்டு. பிள்ளைக்கு முடியலன்னா வீட்ல இருக்கவ பாத்துக்கிடணும். மத்த பிள்ளைகள அண்டவிடக் கூடாது.” நானாக யோசித்திருந்தால் இவ்வளவு தெளிவாக ஒரு வழி கிடைத்திருக்காது.

பள்ளியில் நானும் சிலவற்றை மாற்றினேன். லேசான மழையென்றால் ஜன்னல் திறந்தே இருக்கும். இருமல் வந்தால் முழங்கையை மடக்கி அதில் இருமச் சொன்னேன். கை கழுவக் குழாயடியில் வைத்த சோப்புதான் அடிக்கடி சாக்கடைக்குள் விழுந்தது. அதைக் கேட்ட அந்த அம்மா, பனியன் துணி வெட்டுத்துண்டில் ஒரு பை தைத்து, சோப்பை உள்ளே போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டாள். பையோடு தேய்த்தாலே நுரை வந்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிப்போனது. சாப்பாட்டு மணி அடித்தால் குழாயடியில் வரிசை நின்றது.

அடுத்த மழைக்கும் சளி வந்தது. ஆனால் முன்போல வகுப்பில் பாதி காலியாகவில்லை. ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் ஒரு தாய் வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், பையனுக்குக் காய்ச்சலுங்க. இன்னிக்கு வரமாட்டானுங்க. பக்கத்து ஊட்டு அக்கா பாத்துக்குறாங்க,” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வேனைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.