பம்பளிமாஸ் பழத்தில் வந்த பதில்

அன்பான சபையாரே, இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் தை மாதம் என் கால்கள் என்னைக் கைவிட்டன.

மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிக்க எங்கள் மலையில், இந்த வளப்பூர் நாட்டு ஊர்களில், என்னை மிஞ்ச ஆளில்லை. இதை ஊரே சொல்லும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், கூலிக்கு மரமேறியே சொந்தத் தோட்டம் வாங்கினேன். அப்பேர்ப்பட்ட நான் அந்தப் பறிப்பில் பாதி ஏணியில் நின்று நடுங்கினேன். தொடைச் சதை அடித்துப் போட்டதுபோல வலித்தது.

ஐப்பசியில் நெஞ்சு அடைத்தபோது, நாமக்கல் டாக்டர் ரத்தத்தில் கொழுப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். நெஞ்சுக்குப் போடும் மாத்திரை காலை என்ன செய்யும்? ஏறி இறங்கிய அலுப்பு என்று நினைத்து, மூட்டுவலிக்கு மலையில் தோண்டும் முடவாட்டுக்கால் கிழங்கைச் சூப்பு வைத்துக் குடித்தேன். வலி கேட்கவில்லை. சிறுநீர் கறுத்தது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. என் மனைவி மரியாள் தூக்கிவிட்டாள். அன்று அழுதேன்.

"ஆண்டவரே, காலைக் கொடும். இல்லாவிட்டால் காரணத்தையாவது காட்டும்."

மறுநாள் நாமக்கல் டாக்டரிடம் போக பஸ் ஏறினோம்.

"ஏனுங்க, மரமேறுறவரு பஸ் படிக்கு இந்த முக்கு முக்குறீங்க?" என்றார் கண்டக்டர்.

"சிரிச்சது போதும், கையக் குடு சாமி" என்றாள் மரியாள்.

வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. என் மரத்துப் பம்பளிமாஸ் இரண்டை டாக்டர் மேசைமேல் வைத்தேன். "இந்த இனிப்பு மலையில வேற மரத்துல இல்லீங்க. தெனமும் ஒண்ணு தின்னுட்டுத்தான் மாத்திரையே போடுறேன்!"

"பெருமைய விட்டுட்டுக் கால்வலியச் சொல்லுங்க" என்று மரியாள் இடித்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இருங்கம்மா, அவரு பேசட்டும். தெனமுமா?"

பிறகு விளக்கினார். "சிலருக்கு இந்த மாத்திரையே சதை வலி தருமுங்க. உங்களுக்கு இந்தப் பழமும் சேர்ந்துக்கிச்சு. மருந்தை உடம்பு உடைச்சுக் கழிக்கறத இது தடுத்துடும். கழியாத மருந்து ரத்தத்துல சேந்து சதையைக் கெடுக்குது. இன்னும் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்."

ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. மாத்திரையை நிறுத்தி, படுக்க வைத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால் தேறிய பிறகு டாக்டரே வேறு மாத்திரை கொடுத்தார். அடுத்த தையில் ஏணியின் உச்சியில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

என் பெருமைப் பேச்சு அடங்க வேண்டும் என்று மரியாள் வெகுகாலம் ஜெபித்திருக்கிறாள். கர்த்தர் அன்று அவள் ஜெபத்தைத் தள்ளி வைத்து என் ஜெபத்தைக் கேட்டார். அந்த வாயைக் கொண்டே என் காலைக் கொடுத்தார்.

நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, தின்பது குடிப்பது ஒன்றையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். என் மரம் இன்றும் காய்க்கிறது. ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் பழம் உண்டு. ஆனால் கையில் கொடுக்கும் முன் கேட்பேன்: "கண்ணு, மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களா?"