தலை மோதிய ஆட்டம்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி அந்த வருடம் கால் இறுதிக்கு வந்ததையே நாங்கள் நம்பவில்லை. அதற்கு முன்பெல்லாம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். நான் உறுவையாறு என்ற ஊரிலிருந்து போய்வந்தவன். இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரன். ஓட்டம் சுமார்தான், ஆபத்து வந்தால் பந்தை எல்லைக்கு வெளியே அடித்துவிடத் தெரியும். அந்த வருடம் ஜெயித்ததெல்லாம் எங்கள் கேப்டனால்.

அவன் மண்ணாடிப்பட்டுப் பக்கம். கரும்பு போடுகிற குடும்பம், ஒரே பிள்ளை. திருக்கனூருக்கு வந்து பஸ் பிடித்து, காலைப் பயிற்சிக்கு எங்களுக்கு முன்னால் மைதானத்தில் நிற்பான். முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் அவன் அப்பா வந்திருந்தார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவருக்குப் பிடிபடவே இல்லை. கொடி தூக்கும்போதெல்லாம், “இப்ப இன்னா தப்பு பண்ணான்?” என்று கோட்டோரம் வந்து என்னைக் கேட்பார். நான் ஆடுவதா, பதில் சொல்வதா என்று திண்டாடுவேன்.

இரண்டாவது ஆட்டம் முடிந்த வாரத்தில், கரும்புக்குத் தண்ணீர் விடப் போனவர் மோட்டார் கொட்டாய் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். பக்கத்துக் கரும்புக் கொல்லைக்காரர்கள் ஓடிவந்து தூக்கியபோது உயிர் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் போயிருந்தோம். கேப்டன் கொள்ளி வைத்தான், தலையை மழித்துக்கொண்டான், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெரியவர்கள், “புள்ள அழுவவே மாட்டேங்குதே” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கருமாதி முடிந்ததும் பயிற்சிக்கு வந்துவிட்டான். யாரும் அதைப் பற்றி அவனிடம் பேசவில்லை. எங்களுக்குப் பேசத் தெரியவில்லை.

கால் இறுதி பாகூரில் நடந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கேப்டன் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். பந்து உயர வந்ததும் அவனும் எதிரணியின் உயரமான ஒருவனும் சேர்ந்து குதித்தார்கள். இரண்டு செங்கல்லைத் தட்டினால் வரும் சத்தம். பந்து எங்கேயோ போனது, இரண்டு பேரும் கீழே கிடந்தார்கள். எதிரணிக்காரன் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியதால் எல்லோரும் அவனிடம்தான் ஓடினார்கள். எங்கள் ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. தானாக எழுந்து உட்கார்ந்தான். எங்களுக்குப் பயிற்சி தந்த மாஸ்டர் அவன் தலையில் தண்ணீர் ஊற்றி, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். சரியாகச் சொன்னான். மறுபடியும் ஆடப் போனான்.

நன்றாகவும் ஆடினான். ஆட்டம் முடியும் நேரத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து வலது காலால் அடித்தான் பாருங்கள், கோல்கீப்பர் நகரவே இல்லை. நாங்கள் எல்லோரும் அவன் மேல் விழுந்தோம். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து, “யார்ரா அடிச்சது?” என்று கேட்டான். சிரித்தோம்.

திரும்பும் வழியில் வேனில் அவன் ஜன்னலோரம், நான் அவன் பக்கத்தில்.

“மேட்ச் இன்னா ஆச்சு?” என்றான்.

“ஒண்ணு பூஜ்யம். ஜெயிச்சிட்டோம்.”

“யாரு கோலு?”

“நீதான்பா.”

சிரித்துக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும், அதே குரலில், அதே மாதிரி என் பக்கம் திரும்பி, “மேட்ச் இன்னா ஆச்சு?” என்றான். முன் சீட்டிலிருந்த எங்கள் கோல்கீப்பர், “தோத்துட்டோம். நீதான் சேம்சைடு கோல் போட்ட” என்றான். வேன் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். சிரித்தபடியே வியர்வையைத் துடைக்கக் கையைத் தலைக்குக் கொண்டுபோனான்.

கை அப்படியே நின்றது. முன்னும் பின்னும் தடவிப் பார்த்தான். முடி அப்போதுதான் அரிசி அளவு முளைத்திருந்தது.

“எவன்டா எனக்கு மொட்ட அடிச்சது?” என்றான். கோபமில்லை, விளையாட்டாகத்தான் கேட்டான். “தூங்கும்போது அடிச்சிட்டீங்களா? எங்கப்பா பாத்தா தொலைச்சிடுவாருடா.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவன் முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. நாங்கள் ஏன் பேசாமல் இருக்கிறோம் என்றுதான் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்வதற்குள் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டான். அப்பாவின் எண். அந்தப் போன் இப்போது அவன் அம்மாவிடம் இருந்தது.

“அம்மா, ஜெயிச்சிட்டோம்மா. அப்பாகிட்ட குடு.”

நான் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா, பெற்ற பிள்ளையிடம், “யாருபா பேசுறது?” என்றார்.

போனை அவன் கையிலிருந்து வாங்கினேன். தலையில் அடி, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், பயப்படாதீர்கள் என்று ஏதோ சொன்னேன். ஆஸ்பத்திரி என்று நான் சொன்ன பிறகுதான் அந்த யோசனையே மாஸ்டருக்கு வந்தது. டிரைவரிடம், “வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு” என்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா ஏன் அப்பிடி கேக்குது? அப்பாவுக்கு இன்னா?” என்றான்.

மாஸ்டர் எழுந்து வந்து, ஓடுகிற வேனில் அவன் முன்னால் குந்தினார். அவன் முழங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

“உங்கப்பா தவறிட்டாருபா. மூணு வாரம் ஆவுது. நீதான் கொள்ளி வச்ச. அதுக்குத்தான் இந்த மொட்ட.”

சாவு வீட்டில் அழாதவன் அப்போது அழுதான். அப்படி ஓர் ஆண்பிள்ளை அழுது நான் கேட்டதில்லை. “எப்ப? எங்க? நான் எங்க இருந்தேன்?” என்று மாஸ்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை அடங்கியது. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தான். நடவு முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி என்னைப் பார்த்தபோது அவன் முகம் தெளிவாக இருந்தது.

“மேட்ச் இன்னா ஆச்சு?” என்றான்.

முன் சீட்டில் கோல்கீப்பர் குனிந்துகொண்டு தேம்ப ஆரம்பித்துவிட்டான்.

மறுபடியும் எல்லாம் நடந்தது. ஜெயித்தோம் என்றேன், கை தலைக்குப் போனது, யார் மொட்டையடித்தது என்றான், அப்பா திட்டுவார் என்றான். மாஸ்டர் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை அவர் குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. அவனுக்கோ அது புதுச் செய்தி. முதல் தடவை எப்படி அழுதானோ அப்படியே, அதே கேள்விகளோடு அழுதான். அடங்கினான். வெளியே பார்த்தான். மறுபடியும் மேட்ச்சைப் பற்றிக் கேட்டதும், நான் அவன் வலது கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது தலைக்குப் போகக்கூடாது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை, “ஜெயிச்சிட்டோம்பா, நீதான் கோலு” என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தக்கசிவு இல்லை, மூளை அதிர்ந்திருக்கிறது, இப்படித்தான் கேட்டதையே கேட்பான், மெதுவாகத் திரும்பும் என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர். அதற்குள் அவன் அம்மா ஒரு சொந்தக்காரரின் வண்டியில் வந்துவிட்டார். நெற்றி வெறுமையாக இருந்தது. வார்டு வாசலில் டாக்டர் அவரை நிறுத்தி, இப்போதைக்கு அப்பா விஷயத்தைப் பேசாமல் சமாளிக்கலாம் என்றார்.

“இருக்காருன்னு எப்பிடிபா சொல்லுவேன்?” என்றார் அந்த அம்மா. “வூட்டுக்கு வந்தா கொல்லைக்கிப் போயி தேடுவானே.”

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவன் அவர் நெற்றியைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். கேட்பதற்கு முன்பே, “அப்பா இல்லடா கண்ணு” என்றார். அவன் அழுதான். மறந்தான். மறுபடி நெற்றியைப் பார்த்தான். மறுபடி சொன்னார். ஒரு தடவைகூட அவர் குரல் மாறவில்லை, அலுப்பும் இல்லை. போகப்போக, யார் யார் வந்தார்கள், மழை தூறியதால் பந்தல் போட்டது, மாமா மாலை கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொன்னார். நாங்கள் சுவரோரம் நின்றிருந்தோம். வெளியே போகவும் கால் வரவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவன் கேள்வி மாறியது.

“அப்பா செத்துட்டாரு, இல்லம்மா?”

“ஆமாம்பா.”

“நான்தான் கொள்ளி வச்சேன்.”

அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

இரண்டொரு நாளில் அந்த மூன்று வாரமும் அவனுக்குத் திரும்பிவிட்டது. மேட்ச் மட்டும் வரவில்லை, வேனும் வரவில்லை. யாரோ போனில் எடுத்திருந்த கோலைக் காட்டினோம். “நல்ல கோலுதான்” என்றான், வேறு யாரோ அடித்ததைச் சொல்வதுபோல. அந்த சீசன் முழுக்க அவன் ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்டர் அதற்குப் பிறகு, தலையில் பந்து பலமாகப் பட்டாலே ஆளை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். நாங்கள் முணுமுணுக்கவில்லை.

ஒரு நாள் பயிற்சி முடிந்து நான் ஷூவைக் கழற்றும்போது, சும்மா பார்க்க வந்திருந்தவன், “வேன்ல நான் அழுதனாமே” என்று கேட்டான்.

“ஆமா.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

தலையை ஆட்டினான். என் ஷூவை எடுத்து மண்ணைத் தட்டினான்.

அரை இறுதியில் அவன் இல்லாமல் ஆடி, இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். வெளியே உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்தினான். திரும்பும்போது வேனில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. உலுக்கி எழுப்பி, “மேட்ச் இன்னா ஆச்சு, சொல்லு” என்றேன்.

“தோத்துட்டோம்டா. உன் பக்கமாதான் ரெண்டு கோலும் வந்துச்சு. தூங்க வுடு” என்றான்.