பைனாகுலருக்கு ஓர் அளவு ஜாக்கெட்

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன ஒரு மனை இருக்கிறது. முழுக்கச் சீமைக் கருவேலம். ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் அதற்குள்ளிருந்து காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சீட்டிச் சத்தம் கேட்கும். ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்து கிளம்பித் தெற்கே போகிற வழியில், உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, திண்டுக்கல்லில் என் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகும். மூன்று வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இதை வெளியே சொல்ல முடியாது. ரெட்டியார்சத்திரத்தில் நான் எழுத்து வேலை பார்க்கும் அலுவலகத்தில் எனக்குப் பறவைக்காரர் என்று பெயர். ஜன்னலில் மைனா உட்கார்ந்தால்கூட என்னைக் கூப்பிட்டுக் கேட்டு உறுதிசெய்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவன் சொந்தக் கொல்லைக் குருவியைப் பார்த்ததில்லை என்றால் மானம் போய்விடும். என் மனைவிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அவளிடம் அந்தக் குருவியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அபூர்வம், ஒன்பது நிறம், ஆயிரக்கணக்கான மைல் பயணம் என்று அளந்திருக்கிறேன். புத்தகத்தில் படம் இருந்தது. ஆனால் படத்தைக் காட்டி ஆசையைக் கெடுக்கக் கூடாது, காட்டினால் நேரில்தான் காட்டுவேன் என்று எனக்கு ஒரு வீம்பு.

தடங்கல் மழைதான். பைனாகுலர் கழுத்தில் தொங்கும்போது நாம் கண் வைக்கிற இரண்டு கண்ணாடியும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். பெய்கிற தூறல் நேராக அதில் இறங்கும். சீட்டி கேட்டதும் தூக்கிக் கண்ணில் வைத்தால், மோருக்குள் முகத்தை முக்கியது போல எல்லாம் வெள்ளையாகத் தெரியும். கைக்குட்டையை எடுத்துத் துடைத்து முடிப்பதற்குள் ஆறு மணி முடிந்துவிடும். போன வருடம் ஒருநாள் அவளையும் இழுத்துவந்து பார்க்கச் சொன்னேன்.

“ஒண்ணுந் தெரியலையேங்க, பொகையாத்தான் இருக்கு,” என்றாள். “நெசமாவே குருவிதானா? இல்ல, பக்கத்து வீட்டுக் குக்கரா?”

அன்று எனக்கு வந்த கோபத்தில் ரெயின்கார்டு ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். அந்த இரண்டு கண்ணாடிக்கும் சேர்த்துப் போடுகிற ஒரு மூடி, அவ்வளவுதான். ஆன்லைனில் வந்தது. எல்லா பைனாகுலருக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருந்தது. என்னுடையதற்கு அது லொடலொடவென்று இருந்தது. சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு வாய்க்காலில் நீர்க்காகம் பார்க்கக் குனிந்தேன். கழன்று விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. ஏதோ ஒரு வாழைத்தோட்டத்தில் இப்போது ஒதுங்கிக் கிடக்கும்.

அப்போதுதான் மனைவி பேகம்பூர் பாயைப் பற்றிச் சொன்னாள். அவளுக்குப் பல வருடமாக ஜாக்கெட் தைப்பவர். மிக்சி உறை, கிரைண்டர் உறை, ஸ்கூட்டர் சீட்டு என்று ரெக்சினிலும் தைப்பார். தீபாவளிக்குப் புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்க அவள் கிளம்பினாள். அளவுக்காக, போன தீபாவளிச் சேலைக்குத் தைத்த நீல ஜாக்கெட்டைப் பையில் எடுத்துக்கொண்டாள். அந்தச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். உடல் கரும்பச்சை, கரை மாம்பழ நிறம், முந்தானை நுனியில் மட்டும் ரத்தச் சிவப்பு. அதற்கு நீல ஜாக்கெட். கடைக்காரர்கள் அலமாரியையே கவிழ்த்துக் கொட்டியும் விடாமல், இரண்டு மணி நேரம் தேடி எடுத்தாள். “இது சேலையா, தேர்ச் சீலையா?” என்று நான் கேட்டேன். அவள் பாட்டுக்குச் சேலையை மடித்துப் பில் போடக் கொடுத்தாள்.

நானும் கூடவே போனேன். பாய் பைனாகுலரை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விளக்கினேன். கடையில் நின்ற இரண்டு பெண்கள், நான் கையால் வரைந்து காட்டிய உறையின் வடிவத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏன் என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

“தச்சிரலாம் சார். அளவு கொண்டாந்திருக்கீங்களா?” என்றார் பாய்.

“இதுதான் பாய் அளவு. இதுலயே டேப்ப வச்சு எடுத்துக்கங்க.”

அவர் முகம் சுருங்கியது. “டேப்பெல்லாம் வச்சு நான் தைக்கிறதில்ல சார். இந்தாங்க, அக்கா ஜாக்கெட்டு. இத்தன வருசமா ஒருநாளாவது டேப்பு வச்சிருப்பேனா? அளவு ஜாக்கெட்டு இருந்தாத்தான் கத்திரியத் தொடுவேன். உங்களுக்கும் அதே கததான். கரெக்டா இருக்கிற ஒற ஒண்ணு கொண்டாங்க, அச்சு அசலா அதே மாதிரி அடிச்சுத் தாரேன்.”

“கரெக்டா இருக்கிற உறை இருந்தா நான் ஏன் பாய் உங்ககிட்ட வரப்போறேன்?”

“அப்ப அளவுக்கு என்ன செய்றது?” என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். நியாயமான ஆள்தான். என் மனைவியும் அவர் பக்கம் தலையாட்டினாள். “அளவு இல்லாம எப்டிங்க தைப்பாரு?”

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: வீட்டுக்கு வருவதற்குள் எனக்கும் அது நியாயமாகப் பட்டுவிட்டது. அன்றிலிருந்து நான் தேடியது ரெயின்கார்டை அல்ல, ரெயின்கார்டுக்கு அளவை. ஊறுகாய் பாட்டில் மூடி பெரிதாக இருந்தது. டார்ச் லைட்டின் பின்மூடி சிறிதாக இருந்தது. இருமல் மருந்தோடு வந்த அளவு மூடியைப் போட்டுப் பார்த்தபோது, ஒரு கண்ணில் கொஞ்ச நாள் மருந்து வாடை அடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுந்த மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கட்டிலடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். கண் முன்னால் கட்டில் கால். தரை கீறாமல் இருக்க அதில் கறுப்பாக ஒரு ரப்பர் புஷ். கட்டிலைத் தூக்கி, தலைமாட்டுக் கால்கள் இரண்டிலிருந்தும் புஷ்களைக் கழற்றி, கழுவி, பைனாகுலரில் வைத்து அழுத்தினேன். சொத்தென்று உட்கார்ந்தன. தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன், விழவில்லை. இரண்டு விரலால் இழுத்தால் சமர்த்தாகக் கழன்று வந்தன. மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. தரையில் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சிரித்தேன்.

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த இரண்டு புஷ்களையும் கொண்டுபோய்ப் பாயிடம் அளவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

“இப்பச் சொன்னீங்களே, இதுதான் சார் அளவு,” என்று பாய் சந்தோஷப்பட்டார். சீட்டில் எழுதி நூலால் கட்டி, ஜாக்கெட் மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார். “தீபாவளி முடியட்டும். இன்ஷா அல்லா, மொத வேல உங்களுதுதான்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“பொருந்துச்சா?”

“சொன்னேனே, சொட்டுத் தண்ணி போகல.”

“அப்ப அதையே மாட்டிக்க வேண்டியதுதானங்க?”

கழற்றிப் போட்ட சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். பிறகு நான் மறுபடியும் வண்டியை எடுத்தேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு போய்க் கடை வாசலில் நின்றால், பாய் இரண்டு புஷ்களையும் கத்திரியால் நெடுகப் பிளந்து, அட்டையில் விரித்து வைத்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“பிரிச்சாத்தான சார் அளவு தெரியும்,” என்றார். எனக்காகத் தீபாவளி வேலையைத் தள்ளி வைத்துவிட்டு முன்கூட்டியே ஆரம்பித்திருக்கிறார். அவரை என்னவென்று திட்டுவது?

கால்மாட்டுப் புஷ்கள் இரண்டும் அடி தேய்ந்து ஓட்டையாகியிருந்தன. கல்யாணத்தில் வந்த கட்டில் என்பதால் அந்த அளவில் இப்போது எந்தக் கடையிலும் புஷ் இல்லை. கட்டில் தலைமாட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டது. நான் பழைய பேப்பரை மடித்து வைத்தேன், அது இரண்டு நாளில் நசுங்கிப் போனது. அதற்கிடையில் கருவேலத்துக்குள் குருவி வந்து சேர்ந்து, காலையும் மாலையும் சீட்டியடித்தது. நான் மோருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாள் கிளம்பிப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. வெட்டி வைத்தாயிற்று, தையல் தீபாவளி முடிந்துதான் என்று பாய் சொல்லிவிட்டார்; தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகூட அப்படி நாளை எண்ணியிருக்காது.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் உறை வந்தது. கறுப்பு ரெக்சின், உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி லைனிங், ஓரம் முழுக்கப் பொடித்தையல். கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு அழகாகப் பொருந்திய துணி என் உடம்பில்கூட இருந்ததில்லை. ஒரே ஒரு விஷயம், ரெக்சின் ரப்பர் மாதிரி இழுபடாது என்பதால் பாய் பின்பக்கம் திறப்பு வைத்திருந்தார். ஒரு கண்ணுக்கு நாலு வீதம் எட்டுக் கொக்கி.

“உள்ள அர இஞ்சு தையல் விட்டிருக்கேன் சார்,” என்றார். “நாளப்பின்ன குண்டானாப் பிரிச்சு விட்டுக்கலாம்.”

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, தூறலில், கொல்லைச் சுவரைப் பார்த்தபடி நின்றேன். உறைக்குள் இரண்டு கண்ணாடியும் உலர்ந்து இருந்தன. ஆறு மணிக்குச் சீட்டி கேட்டது. மிகப் பக்கத்தில், சுவர் ஓரத்தில்தான். முதல் கொக்கியைக் கழற்றினேன். இரண்டாவது கொக்கி மாட்டிக்கொண்டது. ஐந்தாவதைக் கழற்றும்போது முதுகுக்குப் பின்னால் அடுப்படிக் கதவு திறந்தது.

“ஏங்க,” என்றாள்.

“ஷ்ஷ்!”

“இல்லங்க, செத்த தள்ளி நில்லுங்க...”

“சத்தம் போடாத! குருவி பக்கத்துல இருக்கு!” என்று, திரும்பாமலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஆறாவது. ஏழாவது. எட்டாவது. உறையை உருவிப் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். கருவேலத்தின் முள் ஒவ்வொன்றும், ஒவ்வொரு முள்ளிலும் தொங்கிய துளியும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. குருவி இல்லை.

“அதான் போயிருச்சே,” என்றாள் மனைவி. “நீங்க போட்ட சத்தத்துலதான் போச்சு. உங்க காலுக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற அங்கணத்துல மண்புழு தின்னுக்கிட்டு இருந்துச்சு. மிதிச்சுறப் போறீங்களேன்னுதான் கூப்ட்டேன்.”

“எது?”

“அந்தப் பச்சக் குருவி. கொண்டக்கடல மூட்ட மாதிரி குண்டா, கட்ட வாலோட. வவுறு மாம்பழக் கலரு, வால்கிட்டச் செகப்பா இருக்கும். றெக்கைல நீலம். மழ ஆரம்பிச்சா வந்துரும். நீங்க ஆபீசு போனதும் அங்கனதான் தத்திக்கிட்டே திரியும்.”

“மூணு வருசமாவா?”

“அது ஆச்சு அஞ்சாறு வருசம்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க தேடுறது வேறல்ல? இமயமலைல இருந்து வருது, ஒம்போது கலருன்னு அம்புட்டுச் சொன்னீங்க. நான் மயிலு கணக்கா என்னமோன்னு நெனச்சேன். அது நம்ம அங்கணத்துல புழுத் தின்னும்னு யாரு கண்டா?” துடைத்துக்கொண்டிருந்த தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “போன தீபாவளிக்கு எடுத்த சேல இருக்குல்ல? கடைல ரெண்டு மணி நேரம் தேடுனேனே. அது எதோட அளவுன்னு நெனச்சீங்க?”

அன்று நான் அலுவலகம் போகவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, உறையில்லாமல், அங்கணத்தைப் பார்த்தபடி நின்றேன். சீட்டி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தெற்கே கிளம்பிவிட்டது.

மூன்றாம் நாள் அவளைப் பீரோவிலிருந்து அந்தச் சேலையை எடுத்துவரச் சொன்னேன். கட்டிலில் விரித்தாள், நீல ஜாக்கெட்டையும் மேலே வைத்தாள். முதுகு எது, வயிறு எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். முந்தானைச் சிவப்புக்கு வந்தபோது, “வால்கிட்ட, இம்புட்டூண்டுதான் இருக்கும்,” என்று விரல் நுனியால் அளவு காட்டினாள். கட்டில் சாய்ந்திருந்ததால் சேலை தலைமாட்டுப் பக்கம் மெல்ல வழுக்கிக்கொண்டே போனது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன்.